ஆவுடையப்பன் எழுதிய ஒப்பாரி

மலைக்குப் பேர் வைக்காத, ஆற்றுக்குப் பாலம் கட்டாத காலத்திலே, கொம்பன்குளம் என்ற ஊரிலே ஒரு மனுஷர் இருந்தார். ஆவுடையப்பன் என்று பேர். வெற்றிலைக் கொடிக்கால் போட்டவர். நல்லவர்தான். ஆனால் தன் பெருமையைத் தானே பேசுவதில் அவருக்கு அலுப்பே கிடையாது. அப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். உங்கள் ஊரில் யார் என்று யோசிக்க வேண்டாம், கதையைக் கேளுங்கள்.

அறுபது வயது முடிந்த வாரம், பக்கத்துத் தெருவில் ஒரு துஷ்டி விழுந்தது. ஆவுடையப்பனும் போனார். செத்தவன் வாழ்நாளில் ஒரு கிள்ளு வெற்றிலையைக்கூட யாருக்கும் நீட்டாதவன். அவனை நடுவீட்டில் கிடத்திவிட்டுப் பெண்கள், "வாரிக் கொடுத்த வள்ளலே, வாசல் இருண்டு போச்சே" என்று பாடினார்கள். போன மாதம் செத்த கோயில் மடைப்பள்ளிக்காரருக்கும் இதே பாட்டு. அதற்கு முந்தின மாதம் செத்த குதிரைக்காரனுக்கும் இதே பாட்டுதான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஆவுடையப்பனுக்கு இதே நினைப்பு. 'அடக்கடவுளே! எனக்கும் இதைத்தானே பாடுவார்கள்? நானும் அந்தக் கஞ்சனும் ஒன்றா?'

மறுநாளே ஒப்பாரிக்காரி மாடத்தியையும் அவளோடு பாடும் ஆறு பெண்களையும் வரவழைத்தார்.

"மாடத்தி, எனக்குன்னு தனியா ஒரு ஒப்பாரி வேணும். நானே எழுதித் தாரேன்."

"உசுரோட இருக்கையிலேயா ஐயா?"

"செத்த பிறகு எப்படி எழுதுறது?"

அதுவும் நியாயம்தான். ஆனால் மாடத்திக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவசரத் துஷ்டிக்குப் பழைய பாட்டைப் பாடுவாள். புதுப் பாட்டு என்றால், ஏழு பேரும் உட்கார்ந்து முதலில் பாடிப் பார்ப்பார்கள். ஏழு பேர் கண்ணும் நனைந்தால்தான் வரி தேறியதாகக் கணக்கு. தேறிவிட்டால் அது நெஞ்சில் ஏறிவிடும். பிறகு யார் தடுத்தாலும் அந்த ஆள் செத்த அன்று அதைப் பாடியே தீருவார்கள்.

"அவ்வளவுதானே!" என்றார் ஆவுடையப்பன். ஓலையை எடுத்தார், எழுத்தாணியை எடுத்தார், ஒரே மூச்சில் எழுதினார்: 'ஊர்வாயெல்லாம் சிவக்க வெற்றிலை தந்த கோமானே, உன்னைப் போல் இனி யாரே!'

ஏழு பேரும் தோளில் தோள் சாய்த்துப் பாடினார்கள். ஒரு சொட்டு வரவில்லை. மாடத்தி கண்ணைக் கசக்கிக்கூடப் பார்த்தாள். கடைசியில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாம் நாள் இன்னும் மெனக்கெட்டு எழுதினார்: 'பச்சைப் பிள்ளைக்கும் பால்போல் இனித்தவரே!' கொடிக்காலுக்குள் பந்து விழுந்தால் பிள்ளைகளைக் குளக்கரைவரை விரட்டுகிறவர் அவர். பாதி வரியிலேயே ஒருத்தி வாயைப் பொத்தினாள். அடுத்தவளுக்குத் தோள் குலுங்கியது. பிறகு ஏழு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணீர் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் கணக்கில் சேராது என்று மாடத்தி சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆவுடையப்பன் கோபத்தோடு ஓலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'சரி, நான் செத்துக் கிடக்கிறேன். நடு வீட்டில் போட்டிருக்கிறார்கள். யார் யார் வருவார்கள்?' என்று நினைத்துப் பார்த்தார். மனைவி கோமதி தலைமாட்டில் இருப்பாள். மகள்கள் ஓடிவருவார்கள். அப்புறம்... எதிர்வீட்டில் இருக்கிற தம்பி நெல்லையப்பன் வருவானா?

இந்த அண்ணன் தம்பி சண்டையைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், தேர்த் திருவிழா. வீட்டில் மூத்தவருக்குத்தான் கோயில் மரியாதையாகப் பரிவட்டம் கட்டுவது வழக்கம். அன்றைக்கு இவர் எந்த வேட்டி கட்டுவது என்று பெட்டியைக் கிளறிக்கொண்டு இருந்துவிட்டார். நேரமாகிறதே என்று பூசாரி பரிவட்டத்தைத் தம்பி தலையில் கட்டிவிட்டார். அவ்வளவுதான் விஷயம்! அந்த இரண்டு முழத் துணிக்காக அண்ணன் தம்பியோடு பேச்சை விட்டார். தம்பி முகத்தில் விழிக்கக்கூடாது என்று முன்வாசலை அடைத்தார். கொல்லைப்புறமாக வாசல் வைத்துக்கொண்டு, கொடிக்காலுக்குத் தினமும் தெருவையே சுற்றிப் போனார். பன்னிரண்டு வருஷ நடை! காசிக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.

நிமிர்ந்து, அடைத்த முன்வாசலைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுதினார்: 'எதிர்வீட்டில் தம்பி இருக்க, ஏனென்று கேளாமல், அடைத்த கதவு திறக்காமல், அப்படியே போனாயே.'

மாடத்தி பாடத் தொடங்கினாள். இரண்டாம் அடியிலே குரல் உடைந்தது. ஏழு பேரும் அழுதார்கள். அடுக்களையில் கோமதி கரண்டியைக் கையில் பிடித்தபடி அழுதாள். ஆவுடையப்பனும் தன் சாவுக்குத் தானே தேம்பித் தேம்பி அழுதார்.

"தேறிட்டு ஐயா," என்று முந்தானையால் முகம் துடைத்தாள் மாடத்தி. "என் ஆயுசுல இப்படி ஒரு வரி பாடினதில்ல. நீங்க நிம்மதியாச் சாகலாம்."

சாவதா? அவருக்குச் சோறே இறங்கவில்லை. அந்த வரியை ஊரே கேட்கும். மகள்கள் கேட்பார்கள். எதிர்வீட்டில் நின்றுகொண்டு தம்பி கேட்பான். சாயங்காலமே மாடத்தி வீட்டுக்கு ஓடினார்.

"அந்த ஓலையை அடுப்பில போட்டுரு தாயி."

"ஓலையைப் போடலாம் ஐயா. நெஞ்சில ஏறினதை எங்க போடுறது?"

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. அந்த வரி பொய்யாப் போகணும். பொய்க்கு எங்களுக்கு அழுகை வராதுன்னுதான் உங்களுக்கே தெரியுமே."

முதல் நாள் ஆவுடையப்பன் அடைத்த கதவைப் பெயர்த்தார், தெருவில் இறங்கினார், தம்பி வாசலில் நின்று ஒரு செருமல் செருமினார், திரும்பி வந்துவிட்டார். இரண்டாம் நாள் தைரியமாகப் போனார். தம்பியின் மாட்டிடம் சௌக்கியம் விசாரித்துவிட்டு வந்துவிட்டார். கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, மாடா உங்களுக்குத் தம்பி?"

மூன்றாம் நாள் போய் நின்றார். இந்தத் தடவை மாட்டின் பக்கம் திரும்பவில்லை. கூப்பிட்டார்.

"தம்பி."

நெல்லையப்பன் வெளியே வந்தான். அவனைக் கிட்டத்தில் பார்த்ததும் ஆவுடையப்பன் திடுக்கிட்டுப் போனார். அவர் நினைவில் இருந்தது கறுகறுவென்று மீசை வைத்த ஆள். இங்கே நிற்பவன் தலையில் கறுப்பு முடியே இல்லை.

"ஏலே, எப்பம்லே இப்படி நரைச்சுது?"

"நீங்க பாக்காம இருந்தீங்கள்லா, அப்பந்தான் அண்ணே."

பன்னிரண்டு வருஷம் கதவை அடைத்தவர் ஒரே எட்டில் கிட்டே போனார். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவன் அண்ணனை அணைத்தபடி உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டான்.

மறுவாரம் ஏழு பெண்களும் வந்து வரியைப் பாடிப் பார்த்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்து மென்றுகொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எப்படி அழுகை வரும்? "அருமையான வரி, அநியாயமாப் பாழாப் போச்சு," என்று மாடத்திக்கு மெய்யாகவே வருத்தம்.

"விடு, வேற எழுதித் தாரேன்," என்றார் ஆவுடையப்பன்.

அன்றிலிருந்து அதுவே அவருக்கு வேலையாகப் போனது. 'இன்று செத்தால் எதற்காக அழுவார்கள்?' என்று ஓலையில் எழுதுவார். எழுதியதைப் பார்ப்பார். உடனே மேல்துண்டைப் போட்டுக்கொண்டு, அதைப் பொய்யாக்கக் கிளம்பிவிடுவார். கொடிக்காலுக்குள் விழுந்த பந்தைத் தானே எடுத்து எறிந்தார். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளைப் போய்ப் பார்த்தார். கோமதியின் சமையல் நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் வாயைத் திறந்து சொன்னார். அவள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எண்பத்திரண்டாம் வயதில் ஒரு காலையில் அவர் போய்ச் சேர்ந்தார். மாடத்தி தள்ளாடி வந்து ஓலைக்கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு வரியாகத் தேடினாள். ஒன்றும் மெய்யில்லை, எல்லாவற்றையும் அந்த மனுஷர் பொய்யாக்கிவிட்டிருந்தார். "எனக்குன்னு ஒரு வரிகூட விட்டுவைக்கலியே ஐயா!" என்று ஓலையை மடியில் போட்டுக்கொண்டு மாடத்தி அழுதாள். மற்ற ஆறு பேரும் அழுதார்கள், நெல்லையப்பன் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், ஊரே பாட்டில்லாமல் அழுதது.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நாம் செத்த பிறகு பிறர் சொல்லி அழப்போகும் குறையை இன்றே எழுதிப் பார்த்து, உயிர் இருக்கும்போதே அதைத் தீர்த்துவிட வேண்டும்.