மீன் விழுங்கிய ஹார்ட் டிஸ்க்

குற்றாலத்தில் சாரல் பொய்த்த வருஷம் உண்டு. குத்தாலலிங்கம் அண்ணாச்சியின் வாய் ஓய்ந்த வருஷம் கிடையாது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ரிப்பேரை விடக் கதைதான் நன்றாக ஓடும்.

அன்று விஜயதசமி. காலையில் பூஜையைப் பிரித்ததும் உலகம்மாள் தன் மகள் கல்யாணியிடம், "நல்ல நேரத்துல உன் கம்ப்யூட்டரைத் தொட்டு ஆரம்பி தாயி" என்றாள். கல்யாணி தொட்டாள். கறுப்புத் திரையில் என்னவோ ஒரு சின்ன வார்த்தையும், பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடும் வந்து நின்றன. அதோடு சரி. அணைத்து அணைத்துப் போட்டாலும் அதே கோடுதான்.

கல்யாணி ஊர் ஊராய் அலைந்து கும்மிப் பாட்டுகளைச் சேர்த்து எழுதிய ஆராய்ச்சி முழுக்க அதற்குள் இருந்தது. மறுநாள் காலை பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும், கடைசி நாள். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை. "லினக்ஸ் போட்டிருக்கேன், வைரஸே வராது" என்று பெங்களூர் அண்ணன் சொல்லிவிட்டுப் போன தைரியம். இப்போது அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

உலகம்மாள் சரஸ்வதி படத்தைப் பார்த்து, "உன் காலடியிலதானே தாயே வச்சேன். வச்சதை நீயே எடுத்துக்கலாமா?" என்று மனசுக்குள் கேட்டாள். கேட்டது தப்பென்று உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சொல்லியனுப்பியதும் குத்தாலலிங்கம் அண்ணாச்சி வந்தார். திரையை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"காபி போடு தங்கச்சி. இது ஒண்ணுமேயில்ல. சுரண்டையில ஒரு ரைஸ் மில் கம்ப்யூட்டர், இதே லினக்ஸ்தான், செத்த பொணம் மாதிரி கெடந்துச்சு. மெட்ராஸ்லேருந்து வந்தவனே கையை விரிச்சுட்டான். நான் ஒரு பென் டிரைவ்ல வேற லினக்ஸைப் போட்டு, அதை வச்சுக் கம்ப்யூட்டரைக் கிளப்பி, உள்ள இருந்த ஃபைலையெல்லாம் அள்ளிட்டேன்லா!"

கல்யாணி நிமிர்ந்தாள். "அதையே இங்கயும் செய்யலாமே மாமா? பென் டிரைவ் கொண்டாந்திருக்கீங்களா?"

"அதெல்லாம் பச்சப்புள்ளைக செய்யுற வேலை. நான் விட்டு ரொம்ப நாளாச்சு" என்றபடி காபியை ஆற்றினார். "வெள்ளம் வந்துச்சே, அப்ப ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜ் கம்ப்யூட்டர் தண்ணியோட போயிட்டு. அதோட ஹார்ட் டிஸ்கை ஒரு கெண்டை முழுங்கிட்டு. விட்டேனா? வலை போட்டுப் பிடிச்சு, அறுக்காம, உயிரோடயே செவுள்ல வயரைச் சொருகினேன். மீன் வாயைத் தொறந்து தொறந்து மூடுது, ஃபைல் ஒண்ணொண்ணா இறங்குது."

உலகம்மாளின் வீட்டுக்காரர் கோமதிநாயகம் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "மீனுக்கு லினக்ஸ் தெரியுமாவே?"

"தெரியாது மச்சான். அதான் கொஞ்சம் நேரமாச்சு. இன்னிக்கும் அந்த ஃபைலைத் தொறந்தா, தெருப்பூனையெல்லாம் மானிட்டர் முன்னால வந்து உக்காந்துருது."

சுண்டல் வந்தது. கை நிறைய அள்ளிக்கொண்டார்.

"இதாவது தண்ணி. கடையநல்லூர்ல ஒண்ணு எரிஞ்சே போச்சு. சாம்பலைத் தீப்பெட்டியில போட்டுக் கொண்டாந்தாங்க. காதுகிட்ட வச்சுக் குலுக்கினேன். நான் கேட்டுச் சொல்லச் சொல்ல ஒருத்தன் டைப் அடிச்சான். புஸ்தகம் புஸ்தகமா வந்துது. ஒரே ஒரு கமா மட்டும் விட்டுப்போச்சு. விசாரிச்சா, அதை எழுதினவனே போடலையாம்!"

"மாமா, கொஞ்சம் என் கம்ப்யூட்டரையும் பாருங்களேன்." கல்யாணி மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாக்கேன் தாயி, அது எங்க ஓடிப்போவப்போவுது? இதைக் கேளு. சங்கரன்கோவில்ல ஒரு லாரி ஆபீஸ். நான் கை வச்சதும் அந்த டிஸ்குக்கு அப்படி ஒரு சந்தோஷம். இருந்ததைத் தந்ததோட நிக்காம, அடுத்த வருஷம் எழுதப்போற ஃபைலையும் சேத்துத் தந்துட்டு!"

பேப்பர் கீழே இறங்கியது. "அடுத்த வருஷத்துதா? அப்ப இன்னிக்கு இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறுன்னு அதுல எழுதியிருந்துச்சாவே?"

"இருந்திருக்கும் மச்சான். அடுத்தவன் ஃபைலை நான் படிக்கதில்ல. தொழில் தர்மம்."

வீட்டுக்கு வந்தவரை உலகம்மாள் ஒரு வார்த்தை கடிந்து பேசமாட்டாள். ஆனால் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மாவும் இருக்க முடியவில்லை. பூஜைச் சந்தனத்தையாவது துடைப்போம் என்று ஈரத்துணியோடு கீபோர்டுக்கு வந்தாள். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்கிற மாதிரி அதற்கும் நாலு மூலையிலும் சந்தனம் அப்பியிருந்தாள். சாமி காரியத்தில் அவளுக்குக் கை குறுகாது. இடதுபக்க மேல்மூலையில் சந்தனம் இடுக்கில் இறங்கி, சிமெண்டாய்க் காய்ந்து, ஓரத்து எஸ்கேப் பட்டனை விடாமல் அமுக்கிப் பிடித்திருந்தது. ஈரம் காட்டி, கொண்டை ஊசியால் நெம்பினாள். டக்கென்று பட்டன் மேலே வந்தது.

அவள் நெஞ்சும் டக்கென்றது.

"தாயி, இப்ப ஒருதரம் போடேன்."

கல்யாணி நம்பிக்கையில்லாமல் அணைத்துப் போட்டாள். கோடு வரவில்லை. நீலம் வந்தது, படம் வந்தது, கும்மிப் பாட்டு அத்தனையும் அடுக்கு கலையாமல் வந்து நின்றது. அவள் ஓடிப்போய் ஒரு பென் டிரைவை எடுத்துவந்து முதலில் பிரதி எடுத்தாள். அதற்கப்புறம்தான் அழுதாள். உலகம்மாள் படத்தைப் பார்த்து இன்னொருதரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாத்தீங்களா! நான் கையே வைக்கல. மீன் கதையைக் கேட்டப்பவே அதுக்கு உதறல் எடுத்துட்டு. சாம்பல் கதையில பாதி எந்திரிச்சுட்டு. இனிமே எனக்குக் கடையே வேண்டாம். போன்ல பேசியே அமெரிக்காக் கம்ப்யூட்டரையெல்லாம் எழுப்பிருவேன்!"

உலகம்மாள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ரொம்பச் சந்தோஷம் அண்ணாச்சி. அப்படியே அடுக்களைக்கு வந்து கிரைண்டர்கிட்டயும் நாலு வார்த்தை பேசிட்டுப் போங்க. காலையிலேருந்து சுத்த மாட்டேங்கு. அதுக்கும் நான்தான் சந்தனம் வச்சேன்."