வாழைப்பக்கத்துக் கரை

"இந்த ஓடைக்குப் புத்தியே கிடையாதும்மா!"

முழங்கால்வரை சேற்றோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார் ஆதிமூலம். தலை முழுக்க நரைத்த சீடர். குருவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மடத்தில் எல்லாரையும் போல அவரும் குருவை அம்மா என்றே அழைத்தார்.

அம்மா ரசத்தில் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு ஐயா?"

"மறுபடியும் உடைச்சிட்டுது. கயிறு பிடிச்சு, முளை அடிச்சு, அவ்வளவு அழகா வளைச்சு விட்டேன். எல்லாத்தையும் பிச்சுக்கிட்டு நேரா ஓடுது. வேணும்னே பண்ணுது!"

அந்த ஓடையை முதலில் நேராக்கியவரும் அவர்தான். மலையிலிருந்து இறங்கி மடத்து நிலத்தில் பாதியை வளைத்துப் போட்டுக்கொண்டு, இஷ்டத்துக்குப் புரண்டு கிடந்த ஓடை. நில அளவை வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை. கோணலாக எதைக் கண்டாலும் அவருக்குக் கை பரபரக்கும். நேராக வெட்டினார். இரண்டு பக்கமும் கரை எழுப்பினார். மிச்சமான நிலத்தில் வாழை வைத்தார்.

வாழை அமோகமாக வந்தது. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு மழை வலுத்தபோதெல்லாம் ஓடை போய் இறங்கும் கீழூருக்குள் வெள்ளம் புகுந்தது.

"ஓடையைப் பழையபடி விட்டுடுங்க ஐயா" என்று அம்மா சொன்னபோது ஆதிமூலம் எதிர்த்துப் பேசவில்லை. கோடை முழுக்க வெயிலில் நின்று வளைவு வெட்டினார். அதுதான் இப்போது மூன்றாம் தடவையாக உடைந்திருக்கிறது.

"வளைவு கேட்டீங்க, வளைச்சேன். இன்னும் நான் என்னதாம்மா செய்யணும்? சொல்லித் தொலைங்களேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "வாழை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வாழைக்கென்ன? அந்தப் பக்கத்துக் கரையை மட்டும் கல்லு வெச்சு உசத்திக் கட்டிட்டேன். ஒரு சொட்டு உள்ள போகாது."

"ஓ" என்றார் அம்மா. அவ்வளவுதான். "குளிச்சிட்டு வாங்க, சாப்பிடலாம்."

ஆதிமூலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே முழுகும்போது சாப்பாடாம்.

அவர் குளித்து, வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தபோது அடுப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கீழூர்ச் செவந்தி. நனைந்த சேலை இன்னும் காயவில்லை.

"நேத்து மழைக்கே வீட்டுக்குள்ள தண்ணிங்க" என்றாள் அவள். "சுவரு ஊறிப்போய் நிக்குது. இன்னொரு மழை தாங்காது. மாமியாரு படுத்த படுக்கை. அவங்களைத் தூக்கிக்கிட்டு நான் எங்கன்னு ஓடுவேன்?"

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே மலைப்பக்கம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.

அம்மா ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல்முனைக்கு விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்தார். பலகைமேல் நீளமான தலைவாழை இலை. கீழ்முனையில் ஆதிமூலத்தை உட்காரச் சொன்னார்.

சோறு வைக்கவில்லை. மேல்முனையில் ஒரு கரண்டி ரசத்தை ஊற்றினார்.

அது விறுவிறுவென்று வந்து வேட்டியில் விழுந்தது. நல்லவேளை, சூடு ஆறியிருந்தது.

"அம்மா!"

"வளைச்சு விடுங்களேன்" என்று சோற்றுப் பானையை நகர்த்தினார் அம்மா.

ஆதிமூலம் பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றை எடுத்தார். இலையின் இரு ஓரத்திலும் சோற்றால் கரை கட்டினார். நடுவே அழகாக மூன்று வளைவு வைத்தார். அளவுக்காரர் கை, ஒரு பருக்கை பிசகவில்லை.

அம்மா ஊற்றினார். முதல் வளைவிலேயே கரை பிய்த்துக்கொண்டது. சோறும் ரசமுமாகச் சேர்ந்து மடிக்கு வந்தது.

செவந்தி சிரிக்கவில்லை. அவளுக்கு அது தெரிந்த சங்கதி.

"போதும்மா!" என்றார் ஆதிமூலம். "பசிக்குது. கரையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

கட்டிய கரையை எரிச்சலோடு கலைத்து, சோற்றை இலை முழுக்கப் பரப்பிவிட்டார்.

அம்மா ஊற்றினார்.

ஆதிமூலம் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். காத்திருந்தார்.

ரசம் வரவில்லை.

அது மேலே பருக்கைகளுக்கு நடுவே நின்றது. இந்தப் பக்கம் கொஞ்சம் ஊறியது, அந்தப் பக்கம் கொஞ்சம் பரவியது. தன் பாட்டுக்கு ஒரு வழி பிடித்து, வளைந்து, தயங்கி, பாதி இலையிலேயே அடங்கிப்போனது.

அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினார். அப்போதும் வேட்டிக்கு வரவில்லை.

"என்னம்மா இது, சோறு பூரா நனைஞ்சு போச்சே!" என்றார் ஆதிமூலம். எரிச்சல் இன்னும் முழுக்கப் போகவில்லை.

"நனையறதுக்குத்தானே ஐயா சோறு."

ஆதிமூலம் சுருட்டிப் பிடித்திருந்த வேட்டியை விட்டார்.

இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்து இலைதான். தோட்டத்தின் நடுவில், தார் முற்றி நிற்கிற மரத்திலிருந்து காலையில் அவரே அறுத்துவந்தது.

மலையில் இடி உருண்டது. செவந்தி திடுக்கிட்டு எழுந்தாள்.

ஆதிமூலம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு மண்வெட்டி பிடிக்க வருமா, தாயி?"

"வரும்ங்க. எதுக்கு?"

"வாழைப்பக்கத்துக் கரையை எடுக்கணும்" என்றார் ஆதிமூலம், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து. "தோட்டம் நனையட்டும். சீக்கிரம் வா. மழை வந்துடும்."