நாச்சிமுத்து கடைந்த பிஸ்டன்

"இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க அம்மணி. அதச் சொல்லாம டப்பாவுல வீசுனா என்ன அர்த்தம்?"

நாச்சிமுத்துவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அன்றைக்கு அவர் கடைந்த மூன்றாவது பிஸ்டனும் கழிவு டப்பாவுக்குள் போயிருந்தது.

ஜுலைகா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொல்லிட்டேனுங்கண்ணா. மூணு தடவ சொல்லிட்டேன்."

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. வந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர் அவர், கற்றுத்தர வேண்டியவள் அவள். இதுவே அவருக்குப் பாதிக் கோபம்.

ஆவாரம்பாளையத்தில் ஒரே ஒரு லேத்தோடு ஓடிய சின்னப் பட்டறை அது. ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்களுக்கு ஷாக் அப்சார்பர் செய்து கொடுப்பாள் ஜுலைகா. முழங்கை நீளக் கார், விரல் நீள ஷாக். அதை ஓட்டுகிறவர்கள் குழந்தைகள் என்று நினைத்துவிட வேண்டாம். தலை நரைத்த டாக்டர்களும் மில் முதலாளிகளும்தான். மண்மேட்டில் ஏறித் தாவின கார் கவிழாமல் இறங்க வேண்டுமென்றால் இவளைத் தேடித்தான் வருவார்கள்.

நாச்சிமுத்து பம்பு கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் லேத்தில் நின்றவர். கம்பெனியை மூடியபிறகு மூன்று பட்டறை பார்த்துவிட்டார். மூன்றிலும் சண்டை. "இங்கயும் சண்ட போட்டுட்டு வந்தீங்கன்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்" என்று பொன்னாத்தாள் சொல்லியிருந்தாள். அவர் மனைவி சொன்னால் செய்கிறவள்.

அதெல்லாம் நினைவில் இருந்தும் கோபம் அடங்கவில்லை.

"என்ர பிஸ்டன்ல ஒரு சொட்டு கசிஞ்சுதுன்னு இந்தக் கோயமுத்தூர்ல ஒருத்தன் சொல்லட்டும்."

"உங்க பிஸ்டன் கசியாதுங்கண்ணா. அதுதான் கோளாறு."

"கிண்டலுங்களா?"

ஜுலைகா எழுந்தாள். அவர் முந்தின நாள் செய்த பிஸ்டன்களை மாட்டிய கார் ஒன்று மேசையில் இருந்தது. அதை முழங்கால் உயரத்துக்குத் தூக்கித் தரையில் போட்டாள். கார் ஒரு துள்ளு துள்ளியது, இன்னொரு துள்ளு துள்ளியது, கரப்பான் பூச்சி மாதிரி மல்லாந்து கிடந்தது.

"ஸ்பிரிங் சரியில்ல" என்றார்.

தன் பிஸ்டன் போட்ட காரை எடுத்து அதே உயரத்திலிருந்து போட்டாள். அது வயிறு தரையில் தட்டத் தாழ்ந்து, எழுந்து, நின்றது.

"இதுக்கு வேற எண்ணெய் போட்டிருப்பீங்க."

"அதே எண்ணெய். அதே ஸ்பிரிங்."

"பொம்மக் காருக்குக் கடையறதெல்லாம் ஒரு வேலயாக்கும்."

ஜுலைகாவும் ஒன்றும் சாந்த சொரூபி இல்லை. அவள் தாடை இறுகியது. இரண்டு காரிலிருந்தும் ஒவ்வொரு ஷாக்கைக் கழற்றினாள். ஸ்பிரிங்கையும் உருவினாள். அவருடையதை மேசையில் நிமிர்த்திப் பிடித்தாள்.

"மெதுவா அமுக்குங்க."

அமுக்கினார். பிஸ்டன் கம்பி மெதுவாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் பார்த்தார்.

கம்பியை வெளியே இழுத்துவிட்டாள். "இப்ப ஓங்கிக் குத்துங்க."

குத்த வேண்டும் என்றுதான் அவருக்கும் இருந்தது. காலையிலிருந்து சேர்ந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து உள்ளங்கையால் ஒரு குத்து விட்டார். கம்பி அசையவில்லை. வலி முழங்கைவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இது என்னுது. இதையும் குத்துங்க."

குத்தினார். கம்பி குத்தை வாங்கிக்கொண்டு திணறித் திணறி உள்ளே போனது. கை வலிக்கவில்லை. அவள் இழுத்துவிட, மறுபடி குத்தினார். இன்னும் ஓங்கிக் குத்தினார். ஒவ்வொரு தடவையும் அது உள்ளே போனது.

"இதுக்குள்ள அப்பிடி என்ன வெச்சிருக்கீங்க?"

"பிஸ்டன்ல நாலு ஓட்டை. டிராயிங்ல இருக்கற அளவு. குத்து உழுந்தா எண்ணெய் அது வழியாப் போகோணும்."

அளவு அவருக்குத் தெரியாமல் இல்லை. பிஸ்டனைத் தாண்டி எண்ணெய் போனால் அது வேலை தெரியாதவன் செய்த பிஸ்டன். பம்பு கம்பெனிப் புத்தி அப்படித்தான் சொல்லும். அதனால் நாலு ஓட்டையையும் ஊசிக்குக்கூட இடம் தராத மாதிரிப் போட்டு, பக்கவாட்டிலும் முடி இடைவெளி விடாமல் கடைந்திருந்தார். பெருமையாகத்தான் செய்திருந்தார். அந்தப் பெருமை டப்பாவில் கிடந்தது.

"எனக்கு டிராயிங் பாக்கத் தெரியாதுங்கறீங்க. அதானே?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"வேற எப்பிடி? இந்த வேலையே வேண்டாம் போங்க." ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தார். "இதுக்கு முன்ன மூணு பட்டறை. ஒரு வார்த்தை பேசுனாங்கன்னு அப்பவே வெளிய வந்தவன் நானு."

அவள் தடுக்கவில்லை.

"போங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அங்கெல்லாம் என்ன சொன்னாங்க?"

"மரியாதையில்லாமப் பேசுனாங்க."

"அதுதான், என்ன பேசுனாங்க?"

"கணபதி பட்டறையில ஒருத்தன். 'நீ டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சப்பவே நான் லேத்துல சக்கு மாத்துனவன்டா'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அடுத்தவன் மேசையில மைக்ரோமீட்டர வெச்சிட்டு, 'மொதல்ல இதப் புடிக்கக் கத்துக்கிட்டு எனக்குச் சொல்லு'ன்னேன். அப்பறம் பீளமேட்டுல..."

"அதெல்லாம் நீங்க சொன்னது. அவங்க சொன்னதக் கேட்டேன்."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

கணபதிக்காரன் முகம் வந்தது. லேத்தில் எதையோ சுட்டிக் காட்டிய அவன் விரல் வந்தது. உதடு அசைந்ததும் வந்தது. சொன்னது வரவில்லை. அடுத்தவன் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பேசினான். அதிலும் ஒரு வார்த்தை வரவில்லை. பீளமேட்டில் நடந்தது போன மாதம்தான். யோசித்துப் பார்த்தார். தன் குரல் மட்டும்தான் இருந்தது.



"அவங்க சொன்னத நான் கேக்கவே இல்லீங்க அம்மணி" என்றார்.