நூற்றுக்கு நூறு பந்தி

பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் கட்டி விருந்து வைத்தார் பள்ளித் தாளாளர் குலசேகரன். அந்த நூறு எப்படி வந்தது? தேறமாட்டார்கள் என்று தோன்றிய செங்கல்சூளைப் பிள்ளைகளையும் காலனிப் பிள்ளைகளையும் ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து விரட்டியதால் வந்தது! விருந்துக்குச் சமைக்க வந்த மாடத்தியின் மகளும் அப்படி விரட்டப்பட்டவள்தான்.

அது தாளாளருக்கு ஞாபகமே இல்லை. "ஏட்டி, சாப்பிட்டவன் ஒருத்தன்கூட குறை சொல்லக்கூடாது. நூத்துக்கு நூறு பேரும் நல்லாருக்குன்னு சொல்லணும். இல்லைன்னா இந்த ஊர்ல உனக்கு அடுப்பே கிடையாது."

"ஆகட்டும்யா" என்றாள் மாடத்தி.

பந்தி நேரத்தில் தாளாளர் வந்து பார்த்தால் பாதி இலைக்கு ஆள் இல்லை. பரிமாறும் பெண்கள் கேட்டை மறித்து நிற்கிறார்கள். வெளியே கொளுத்தும் வெயிலில் ஒரு கூட்டம்; அதில் கல்வி அதிகாரியும் தாளாளரின் மாமனாரும்!

"யாருட்டி இவங்களை நிறுத்துனது?"

"நாந்தான்யா. ஆபீசருக்கு உப்பு ஆகாது. உங்க மாமாவுக்கு எதுவுமே பிடிக்காது. குறை சொல்லிருவாங்கன்னு தோணுச்சு, டி.சி. குடுத்துட்டேன். உள்ள இருக்கவங்களைக் கேளுங்க, நூத்துக்கு நூறு!"

"திமிரா? கூப்பிட்டு இலை போடு!"

"போடுதேன்யா. நீங்க விரட்டுன பிள்ளைகளை முதல்ல உள்ள கூப்பிடுங்க."

"எந்தப் பிள்ளைகள்?" என்று கேட்டார் அதிகாரி.

வருஷாவருஷம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுப் போன மனுஷனுக்கு, வெளியே நின்ற அன்றுதான் அந்தக் கேள்வி வந்தது.