எரியாத கிடங்கும் வராத சோறும்

செந்நெலூர் மகாராஜா வீரகேசரிக்குத் திடீரென்று ஓர் ஆசை. அரண்மனைக் களஞ்சியத்தை இடித்துவிட்டு அங்கே நாட்டிய மண்டபம் கட்ட வேண்டுமாம்! அரிசி முழுவதும் வணிகர் மாசிலாமணியின் பொதுக் கிடங்குக்குப் போய்விட்டது. பல ஊர்க்காரர்களும் வாடகை கொடுத்துச் சரக்கைப் போட்டு வைக்கும் மலை மாதிரியான கிடங்கு அது. மறுநாள் களஞ்சியத்தில் கடப்பாரை விழ வேண்டியதுதான் பாக்கி.

"கிடங்கு தீப்பிடித்தால்?" என்றான் தாண்டவன். சபையில் வாய் சும்மா இராத ஆள்.

அமைச்சர் ஏகாம்பரம் சீறினார். "ஓய், பக்கத்திலேயே மாசிலாமணியின் இரண்டாம் கிடங்கு இருக்கிறது. அதிலும் நம் அரிசி இருக்கிறது. எல்லாம் யோசித்தாயிற்று!"

"திறந்து பார்த்தீர்களா?"

"பெரிய இடமய்யா! அங்கே போய்ச் சோதித்துக்கொண்டிருப்பார்களா?"

பெரிய இடம் என்று வாயைப் பொத்திக்கொள்கிறவன் தலையில் மிளகாய் அரைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

தாண்டவன் ராஜாவிடம் திரும்பினான். "இன்று மதியம் மட்டும் பெரிய கிடங்கு எரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம் மகாராஜா. யாரும் உள்ளே போகக் கூடாது. சாப்பாட்டுக்கு இரண்டாம் கிடங்கு அரிசி வரட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஆகட்டும்! நுழைகிறவன் யானைக் கொட்டடி கூட்டுவான்!"

மதியம் இலை போட்டாயிற்று. உப்பு வந்தது. ஊறுகாய் வந்தது. சோறு மட்டும் வரவில்லை. அமைச்சர்தான் மூச்சிரைக்க வந்தார்.

"மகாராஜா, இரண்டாம் கிடங்கின் சாவி பெரிய கிடங்குக்குள் தொங்குகிறது. காவலன் விடமாட்டேன் என்கிறான். 'எங்கேடா புகை?' என்றால், 'ராஜா உத்தரவு சாமி, கொழுந்துவிட்டு எரிகிறது, தள்ளி நில்லுங்கள்' என்கிறான்!"

"மாற்றுச் சாவி?"

"இருக்கிறது மகாராஜா. பத்திரமாக... இரண்டாம் கிடங்குக்குள்ளே."

விருந்துக்கு வந்திருந்த வணிகரை ராஜா முறைத்தார். மாசிலாமணி கைகட்டினார். "சுவரும் கூரையும் பூட்டும் என் பொறுப்பு. எரிந்தால் எதைச் சாப்பிடுவது என்பது உங்கள் பாடு. வாடகை பேசும்போதே சொன்னேன். அமைச்சர் தலையாட்டினார்."

ராஜாவின் வயிறு சபைக்கே கேட்கும்படி உறுமியது. அப்போது ஒரு பானைச் சோற்றோடு நுழைந்தான் தாண்டவன்.

"உன் அரிசியும் அதே கிடங்கில்தானே?"

"ஆமாம் மகாராஜா. ஆனால் ஒரு மூட்டை ஆற்றுக்கு அக்கரையில், மாமியார் வீட்டில். எனக்கும் அவருக்கும் ஆகாது. அதனால் என் பக்கத்துத் தீகூட அந்த வாசலை மிதிக்காது. மாதாமாதம் போய், வசவு வாங்கிக்கொண்டு, அந்த அரிசியைப் பொங்கித் தின்று பார்த்துவிட்டு வருவேன்."

ராஜா வாய் நிறையச் சோற்றோடு சிரித்துப் புரையேறினார். "களஞ்சியத்தைத் தொடாதீர்கள்! இவன் மாமியார் வீட்டுப் பக்கத்தில் முதலில் ஒரு கிடங்கு எழும்பட்டும். சாவி அந்த அம்மாளிடம். மாதாமாதம் அமைச்சரே போய் வாங்கித் திறந்து, பொங்கிச் சாப்பிட்டு வர வேண்டும். தாண்டவா, உனக்கு என்ன பரிசு?"

தாண்டவன் ஏகாம்பரத்தைக் கனிவோடு பார்த்தான்.

"கொடுத்துவிட்டீர்களே மகாராஜா! போகிறவர் என் மூட்டையையும் பார்த்துவிட்டு, என் பங்கு வசவையும் வாங்கிக்கொண்டு வரட்டும்."