அரை டம்ளர் டீ

பிச்சாண்டியின் மனைவி வேதவல்லிக்குப் பித்தப்பையில் கல். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நர்ஸ், "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டாள். வேதவல்லி வாய் திறப்பதற்குள் பிச்சாண்டி முந்திக்கொண்டான். "இருபத்திரண்டு வருசமா பாக்கறேன், தலைவலி மாத்திரைகூடப் போட்டதில்லை." அவள் அவனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்துக் கட்டில் அம்மாள் தன் முன்கையை நீட்டிக் காட்டினாள். சின்ன ஊசித் தடிப்பு, அதைச் சுற்றிப் பேனாவால் நீல வட்டம். "பெரிய ஊசிக்கு முன்னாடி இத்துனூண்டு போட்டு அரைமணி நேரம் பாக்கறாங்களாம். என் வீட்டுக்காரர் போடாத வளையலை இவங்க போட்டுட்டாங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் அறுவை சிகிச்சை. பச்சைத் தண்ணீரும் கூடாது என்றிருந்தார்கள். அன்று காலை ஆறு மணிக்கு, "நாக்கு ஒட்டிக்குதுங்க, ஒரு வாய்" என்று அவள் கெஞ்சினாள். பிச்சாண்டி அரை டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தான். ஏழு மணிக்கு நர்ஸ் அவளுடைய புறங்கை நரம்பில் ஊசி போட்டாள். ஐந்து நிமிடத்தில் மூச்சுத் திணறியது. பிறகு அவள் இல்லை.

பெரிய டாக்டர் விசாரித்தபோது பிச்சாண்டி டீயைப் பற்றிச் சொல்லிவிட்டான். "அதுதான் நுரையீரலுக்குள்ள ஏறிடுச்சு" என்றார் அவர். அப்படியே எழுதி நீட்டிய தாளில் அவன் கையெழுத்தும் போட்டான்.

வேதவல்லியின் தம்பி ஏகாம்பரம் வந்ததும் போலீசில் எழுதிக் கொடுத்தான். உடம்பைக் குளிப்பாட்ட மஞ்சள் நீரோடு வந்த பெண்களையும் தடுத்தான். "ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது."

"வேணாம் மச்சான். நான்தான் கொன்னேன். இன்னும் அவளை அறுக்கணுமா?"

"அறுத்துத் தெரியட்டும் மாமா. நீங்கதான்னா உங்களையும் விட மாட்டேன்."

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் டாக்டரம்மா முதலில் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகுதான் கத்தியை எடுத்தார். தொண்டை உள்ளே வீங்கி அடைத்திருந்தது. மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் டீ ஒரு துளி இல்லை. முன்கைகள் இரண்டிலும் புள்ளியோ கோடோ கிடையாது.

வெளியே வந்து, "ஊசி மருந்து ஒத்துக்கலை. முன்னாடி இப்படி ஆகியிருக்கா?" என்று கேட்டார்.

பிச்சாண்டி இல்லையென்று தலையாட்டினான். ஏகாம்பரம்தான் சொன்னான். "பதினாலு வயசுல ஒரு ஊசிக்கு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு நின்னு பொழைச்சா. பொண்ணு பாக்க வந்தப்ப மறைச்சோம். அப்புறம் சொல்லவே இல்லை."

நர்ஸ் போலீசிடம் சொன்னது: "கேட்டேன், இல்லைன்னாங்க. அரைமணி முன்னாடி சோதனை ஊசியும் போட்டேன், ஒண்ணும் ஆகலை. தாள்ல எழுதியிருக்கேன்."

டீ கொடுத்தவன், ஒவ்வாமையை மறைத்தவன், ஊசி போட்டவள். வேதவல்லியின் உயிர் இந்த மூவரில் யார் பிழையால் போனது? டாக்டரம்மா அதை எதை வைத்துச் சொன்னார்?

விடை: நர்ஸின் பிழையால். சோதனை ஊசி போட்டிருந்தால் முன்கையில் புள்ளியும் நீல வட்டமும் இருந்திருக்கும். உடம்பைக் குளிப்பாட்டாததால் மை அழியவும் வழியில்லை. மறைத்தவர்களுக்கும் மறந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சோதனை. அவள் அதைச் செய்யாமலே செய்ததாக எழுதிவிட்டாள். ஏகாம்பரம் அதைக் கேட்டும் தேறவில்லை. பிச்சாண்டி ஒன்றே ஒன்று கேட்டான்: "அந்த டீ எங்கம்மா போச்சு?" "வயித்துலதான் இருந்துச்சு" என்றார் டாக்டரம்மா. அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.