எல்லைக்கல்லில் அசந்த அமைச்சர்

பல்லவராயர் என்று ஒரு அமைச்சர். கேட்டது கிடைக்காவிட்டால் "பதவியே வேண்டாம்" என்று ஓலையை வீசிவிட்டுப் பல்லக்கில் ஏறிவிடுவார். எல்லைக்கல்லைத் தாண்டினால்தான் விலகல் செல்லும் என்பது அந்த நாட்டு வழக்கம். அதற்குள் ராஜா ஆள் அனுப்பி, கேட்டதைக் கொடுத்துவிடுவார்.

இந்த முறை அவர் கேட்டது, பல்லக்குத் தூக்கும் வேம்பனுடைய ஊர் ஏரியை. ராஜா தயங்கவே, ஓலையை வீசிவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

"மெல்லப் போங்கடா. ஆனால் எங்கேயும் நிற்கக் கூடாது, நான் தயங்குகிறேன் என்று ராஜா நினைப்பார். என் தூக்கம் கலைந்தால் தோலை உரிப்பேன்!"

"உத்தரவுங்க சாமி."

மாலை வெயில் பொன்னாய்க் கரைந்தது. வேம்பன் தாலாட்டுப்போல ஏதோ முனகினான். பல்லக்கு தண்ணீரில் மிதக்கும் தாமரை இலையாக அசைந்தது. பல்லவராயருக்குக் கண் சொருகியது. பின்னால் குதிரையில் வந்த அரண்மனை ஆளைப் பார்த்து வேம்பன் உதட்டில் விரல் வைத்தான். அவனும் பயந்து இறங்கி, பூனைபோலக் கூடவே நடந்தான். எல்லைக்கல் ஓசையில்லாமல் பின்னால் போனது.

விழித்தவர் அலறினார். "அடேய், ஆள் வரவில்லையா?"

"அப்பவே வந்துட்டாருங்க. உங்க தூக்கத்தைக் கலைக்க யாருக்குங்க துணிச்சல்?"

"பல்லக்கைத் திருப்பு!"

தூக்கியவர்கள் அதைப் பதமாக இறக்கி வைத்தார்கள்.

"பல்லக்கு அமைச்சருக்குத்தானுங்க. நீங்க நடந்து வாங்க. இருட்டுறதுக்குள்ள எங்க ஊர் ஏரியில கால் கழுவிக்கலாம்."